டர்பனுக்குப் புதிதா? வார்டு வேட்பாளரிடம் உங்கள் தெருவைப் பற்றிக் கேட்கும் முறை

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் தெரு முனையில் காலை ஏழேகால் மணிக்கு வந்து நின்று பாருங்கள். மேட்டிலிருந்து கார்கள் இறங்கி வரும், பள்ளிச் சீருடையில் பிள்ளைகள் கூட்டமாகச் சாலையைக் கடக்கும், டாக்ஸி நினைத்த இடத்தில் நின்று ஆளை ஏற்றும். (இங்கே டாக்ஸி என்றால் பதினைந்து பேர் போகிற வேன். நம் ஊர்க் கால் டாக்ஸி என்று நினைத்துக் கை காட்டிவிடாதீர்கள்.) ஒரு பக்கம் நடைபாதை பாதியில் நின்றுபோகும், இன்னொரு பக்கம் நடைபாதையே கிடையாது, புல் மேட்டில் ஏறித்தான் நடக்க வேண்டும், மழை பெய்தால் அதுவும் முடியாமல் எல்லோரும் தாரில் இறங்கிவிடுவார்கள். நான் கும்பகோணம் பக்கத்திலிருந்து இங்கே வந்து பல வருஷம் ஆகிறது. இன்றைக்கும் என் மகனைப் பள்ளிக்கு அனுப்பினால், அவன் போய்ச் சேர்ந்தான் என்று தெரியும்வரை மனசு ஒரு நிலையில் இருக்காது.

தென் ஆப்பிரிக்காவில் வருஷத்துக்கு ஏறத்தாழ 12,000 பேர் சாலையில் சாகிறார்கள், அதில் பத்துக்கு நாலு பேர் வெறுமே நடந்து போனவர்கள். இதில் ஒரு பகுதியையாவது சரிசெய்கிற அதிகாரம் மாநகராட்சிக்கு இருக்கிறது. மாநகராட்சித் தேர்தல் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை வரும், கடைசியாக நடந்தது 2021 நவம்பர் 1. அடுத்தது 2026 நவம்பர் தொடக்கத்துக்கும் 2027 ஜனவரி முடிவுக்கும் நடுவில் நடந்தாக வேண்டும் என்பது சட்டக் கணக்கு. அந்தச் சமயத்தில் வேட்பாளர்கள் கோயில் மண்டபத்துக்கும் பள்ளிக்கூட ஹாலுக்கும் தேடி வருவார்கள். அப்போது என்ன கேட்பது, அதற்கு முன்னால் நாம் என்ன தயார் செய்து வைத்திருப்பது, இதைத்தான் எழுதுகிறேன்.

முதலில்: உங்களுக்கு ஓட்டு உண்டா?

வேலை விசாவில் இருந்தால் கிடையாது. நிரந்தரமாக வசிக்கும் அனுமதி வாங்கியிருந்தாலும் கிடையாது. இதில் நம் ஆட்கள் நிறையப் பேர் குழம்புகிறார்கள். தென் ஆப்பிரிக்கக் குடிமகனாகி, பச்சை அடையாளப் புத்தகமோ ஸ்மார்ட் கார்டோ தற்காலிக அடையாளச் சான்றிதழோ கையில் இருந்தால்தான் பட்டியலில் பெயர் சேர்க்க முடியும். 16 வயதிலேயே பதிவு செய்யலாம், ஓட்டுப் போட 18 ஆக வேண்டும்.

ஓட்டு இல்லாதவர்கள் இதோடு படிப்பதை நிறுத்திவிட வேண்டாம், உங்களுக்கும் வேலை இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் 32-ஆம் எண் சட்டம், மாநகராட்சி அமைப்புகளுக்கான சட்டம், மாநகராட்சி என்றால் கவுன்சிலும் அலுவலகமும் மட்டுமில்லை, அங்கே வசிக்கிற சமூகமும் சேர்த்துத்தான் என்று சொல்கிறது. வெளியூரிலிருந்து வந்து அந்த ஊரின் வசதிகளைப் பயன்படுத்துகிறவர்களைக்கூட அந்தச் சமூகத்தில் சேர்த்திருக்கிறது. அதனால் கூட்டத்துக்குப் போகலாம், கேள்வி கேட்கலாம், மனு எழுதலாம், பட்ஜெட் மீது கருத்துச் சொல்லலாம். கவுன்சில் கூட்டமும் பொதுவாக மக்கள் போய் உட்காரக்கூடியதுதான். ‘உனக்கு ஓட்டே இல்லையே’ என்று யாராவது வாயை அடைத்தால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

ஓட்டு உள்ளவர்கள் உங்கள் அடையாள எண்ணை 32810 என்ற எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் எந்தச் சாவடியில் பதிவாகியிருக்கிறீர்கள் என்று பதில் வரும். வீடு மாறியிருந்தால் உடனே புதுப்பியுங்கள். உள்ளாட்சித் தேர்தலில் நீங்கள் பதிவு செய்த சாவடியில் மட்டும்தான் ஓட்டுப் போட முடியும், தேர்தல் தேதியை அரசிதழில் அறிவித்த அன்றே பட்டியலும் மூடிவிடும். அப்புறம் ஓடி ஒன்றும் ஆகாது. உங்கள் வார்டு எண்ணையும் அப்போதே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தேர்தலுக்கு முன்னாலும் எல்லை நிர்ணய வாரியம் வார்டு எல்லைகளைத் திருத்தும், போன தடவை இருந்த எண்ணே இந்தத் தடவையும் இருக்கும் என்று நம்பாதீர்கள்.

பக்கத்து வீட்டுத் தாத்தாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவர் பிறந்தது டர்பனில் மாநகராட்சித் தொழிலாளர்களுக்கென்று இருந்த மேகசின் பாரக்ஸில். அப்பா தெரு கூட்டியவர். நேட்டாலில் இந்தியர்கள் புதிதாக நகராட்சி வாக்காளர் பட்டியலில் சேர முடியாதபடி 1924-இல் சட்டம் போட்டார்கள். அதனால் இந்த ஊர்த் தெருவை வாழ்நாள் முழுக்கக் கூட்டிய மனிதருக்கு அந்தத் தெருவைப் பற்றிச் சொல்ல ஒரு ஓட்டுக்கூட இல்லாமலேயே போய்விட்டது. அறுபதுகளில் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தால் குடும்பத்தோடு சாட்ஸ்வொர்த்துக்குப் பெயர்க்கப்பட்டார்கள். தாத்தா முதன்முதலில் உள்ளாட்சி ஓட்டுப் போட்டது 1996 ஜூனில். அவருக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும், ஆனால் தேர்தல் வந்தால் என் வீட்டுக் கதவைத் தட்டி, “மகளே, பேர் பார்த்தியா?” என்று கேட்காமல் விட மாட்டார்.

யாருடைய ரோடு?

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி இதுதான். நான் இதைப் படித்தது ஒரு ஏமாற்றத்தில்.

சில வருஷம் முன்னால் ஒரு வேட்பாளர் எங்கள் கோயில் மண்டபத்துக்கு வந்தார். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஆறு மாதத்தில் ரோபோ வைத்துத் தருவேன் என்றார். (சிக்னல் விளக்குக்கு இங்கே எல்லோரும் ரோபோ என்றுதான் சொல்வார்கள்.) நாங்கள் கை தட்டினோம், நானும்தான். அவர் ஜெயித்தார். ஆறு மாதம் போய் ஒரு வருஷமும் ஆன பிறகு விசாரித்தால், அந்தச் சாலை மாநகராட்சியின் பொறுப்பிலேயே இல்லை, வேறு அரசு அமைப்பின் கையில் இருக்கிறது என்று தெரிந்தது. அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கே தெரியாது. எங்களுக்கும் தெரியாது. அந்த ஒரு வருஷமும் பிள்ளைகள் அதே இடத்தில்தான் கடந்துகொண்டிருந்தார்கள். அதற்கப்புறம் சரியான முகவரிக்குக் கடிதம் எழுதி, வெள்ளைக் கோடும் பள்ளி எச்சரிக்கைப் பலகையும் வந்து சேர இன்னும் எட்டு மாதம் ஆனது. ரோபோ இன்னும் வரவில்லை.

அதனால் முதலில் இந்தப் பிரிவினையைத் தெரிந்துகொள்ளுங்கள். என்2, என்3 மாதிரி ‘என்’ என்று தொடங்கும் தேசிய நெடுஞ்சாலைகள் சான்ரால் என்ற தேசிய நிறுவனத்தின் கையில். ஊர்களை இணைக்கிற சில சாலைகள் குவாசூலு-நேட்டால் மாகாணப் போக்குவரத்துத் துறையின் கையில். உள் தெருக்கள், நடைபாதை, தெரு விளக்கு, உள்ளூர்ப் போக்குவரத்து ஒழுங்கு, பார்க்கிங் இவை மாநகராட்சிக்கு என்று அரசியல் சாசனமே பிரித்துக் கொடுத்திருக்கிறது. பலகையில் உள்ள எழுத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், ஈதெக்வினி (டர்பன் மாநகராட்சியின் பெயர் இதுதான்) போக்குவரத்து ஆணையத்துக்கு எழுதி, இந்த இடத்துக்கும் இந்த இடத்துக்கும் நடுவில் உள்ள சாலை யார் பொறுப்பு என்று எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

டாக்ஸித் தொழில் நடத்தும் உரிமத்தைக் கொடுப்பது மாகாணம். ஸ்டாண்டும் நிறுத்தங்களும் எங்கே வர வேண்டும் என்று திட்டமிடுவது மாநகராட்சி. கிராஸ்மூர் வரை போகிற ரயில் பாதை பிரஸா என்ற தேசிய நிறுவனத்தினுடையது. ‘ரயிலைச் சரிசெய்வேன்’ என்று ஒரு வார்டு வேட்பாளர் சொன்னால், நேரடியாக எப்படிச் செய்வார் என்று கேளுங்கள். ரயில் நிலையத்திலிருந்து வீடுவரை விளக்கும் நடைபாதையும் போடுவேன் என்று சொன்னால் அது அவர் கைக்கு எட்டுகிற வாக்குறுதி. இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் பாதிப் பேச்சுகள் தானாகவே வடிகட்டிவிடும்.

உங்கள் தெருவை நீங்களே அளந்து வையுங்கள்

‘எங்கள் தெருவில் கார்கள் ரொம்ப வேகமாகப் போகின்றன’ என்று சொன்னால் எந்த வேட்பாளரும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். எண்ணோடு போங்கள், பேச்சே மாறும்.

50 மீட்டர் இடைவெளியை டேப்பால் அளந்து, அந்த இரண்டு முனைகளிலும் ஏதாவது அடையாளத்தை, ஒரு கம்பமோ கேட்டோ, குறித்து வையுங்கள். போனில் ஸ்டாப்வாட்சைத் திறந்துகொண்டு ஓரமாக, பத்திரமான இடத்தில் நின்று ஒரு கார் அந்த இடைவெளியைக் கடக்க எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். மூன்று விநாடி ஆனால் அது சரியாக மணிக்கு 60 கிலோமீட்டர், ஊருக்குள் பொதுவாக உள்ள சட்ட வரம்பு அதுதான். இரண்டு விநாடிக்குள் கடந்தால் 90-க்கு மேல். நாலரை விநாடி என்றால் 40. ஐம்பது வண்டிகளை இப்படிப் பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். பள்ளி தொடங்கும் ஒரு மணி நேரமும் விடும் ஒரு மணி நேரமும் போதும், ஆனால் இரண்டு மூன்று வேலை நாட்களில் செய்யுங்கள். அதே நேரத்தில் எத்தனை பிள்ளைகள் கடக்கிறார்கள், எத்தனை பேர் நடைபாதை இல்லாமல் தாரில் நடக்கிறார்கள், எந்த விளக்கு எரியவில்லை (கம்பத்தில் எண் இருந்தால் அந்த எண்), எந்த வளைவில் செடியோ மதிலோ பார்வையை மறைக்கிறது, இதையும் எழுதுங்கள்.

வேகத்தைப் பற்றி நான் ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், 60-இல் போகிற வண்டி ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் ஓடுகிறது. ஓட்டுநர் பிள்ளையைப் பார்த்து, மூளைக்கு உறைத்து, பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை விநாடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், பிரேக் பிடிக்கத் தொடங்குவதற்கு முன்னாலேயே 25 மீட்டர் போய்விடும். 30-இல் வந்தால் அது பன்னிரண்டரை மீட்டர். இறக்கத்திலும் ஈரத்திலும் அதற்கப்புறம் நிற்கிற தூரம் இன்னும் கூடும், சாட்ஸ்வொர்த்தும் ஃபீனிக்ஸும் மேடு பள்ளமான ஊர்கள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. நடப்பவர்களும் வண்டிகளும் கலந்து போகிற இடங்களில் 30-க்கு மேல் வேகம் வேண்டாம் என்று 2020-இல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக அமைச்சர்கள் மாநாடு சொன்னது இதனால்தான்.

வேட்பாளரிடம் என்ன கேட்பது

‘சாலைப் பாதுகாப்பு உங்களுக்கு முக்கியமா?’ என்று கேட்காதீர்கள். அதற்கு இல்லை என்று யாரும் சொல்லப் போவதில்லை. அப்புறம் சரிபார்க்க முடிகிற கேள்விகளைக் கேளுங்கள்.

இந்தச் சாலை யார் பொறுப்பு என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் அதுவே ஒரு தகவல். ‘பார்த்துச் சொல்கிறேன்’ என்று நேர்மையாகச் சொல்லி அடுத்த வாரம் பதிலோடு வருகிறவரை நான் மதிப்பேன், உடனே எல்லாம் தெரிந்த மாதிரிப் பேசுகிறவரைவிட.

வேகத்தடை கேட்கிறோம், அதற்கு என்ன முறை? ஸ்பீட் ஹம்ப் வேண்டும் என்பதுதான் எங்கள் எல்லோருடைய முதல் கோரிக்கையாகவும் இருக்கும். ஆனால் எல்லா இடத்துக்கும் அது பொருந்தாது. பஸ் போகிற வழியிலும் ஆம்புலன்ஸ் போகிற முக்கியச் சாலையிலும் பொறியாளர்கள் தயங்குவார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. அங்கே உயர்த்திய கடப்பு மேடை, நடுவில் நின்று கடக்க ஒரு திட்டு, தெரு முனையைக் குறுக்கி வண்டியை மெதுவாகத் திரும்ப வைப்பது என்று வேறு வழிகள் உண்டு. வேட்பாளர் ஹம்ப் ஒன்றையே எல்லாவற்றுக்கும் மருந்தாகச் சொன்னால், நடைபாதை எங்கே என்று திருப்பிக் கேளுங்கள். பிள்ளை தாரில் நடப்பதை ஹம்ப் தடுக்காது.

பள்ளிக்கூட நேரத்தில் மெட்ரோ போலீஸ் எங்கே நிற்கிறது? மாநகராட்சியின் சொந்தக் காவல் படை இது, போக்குவரத்து விதிகளைப் பார்ப்பது அவர்கள் வேலைகளில் ஒன்று. இரண்டு சக்கரமும் நடைபாதை மேல் ஏற்றி நிறுத்துகிற வண்டிக்கு யார் அபராதச் சீட்டு எழுதுகிறார்கள் என்று கேளுங்கள்.

லாரிகள் எந்த வழியில் போகலாம் என்பதில் உங்கள் நிலைப்பாடு என்ன? டர்பன் துறைமுக நகரம், லாரி நம் வாழ்க்கையோடு கலந்தது. பைன்டவுன் அருகே ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் 2013 செப்டம்பர் 5 அன்று ஒரு லாரி கட்டுப்பாடு இழந்து சந்திப்பில் டாக்ஸிகள் மேல் மோதி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் பெரிய லாரிகளுக்கு அந்த இறக்கத்தில் தடை வந்தது. இவ்வளவு உயிர் போன பிறகு வந்த முடிவு, முன்னாலேயே வந்திருக்கலாமே என்பது என் ஆற்றாமை. உங்கள் பகுதியில் குடியிருப்புத் தெருவைக் குறுக்கு வழியாக லாரிகள் பயன்படுத்தினால், இந்த உதாரணத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

பஸ்ஸைப் பற்றியும் கேளுங்கள். கோ டர்பன் என்ற விரைவுப் பேருந்துத் திட்டம் தொடங்குகிற தேதி பல தடவை தள்ளிப்போனதை இந்த ஊரில் எல்லோரும் பார்த்தோம். பெரிய திட்டத்தைப் பற்றி அழகாகப் பேசுகிறவரிடம், எங்கள் பேட்டைப் பஸ் நிறுத்தத்துக்கு ஒரு கூரையும் விளக்கும் எப்போது என்று கேட்டால் அவர் எதை நினைத்துப் பேசுகிறார் என்று தெரிந்துவிடும்.

ஏற்கெனவே கவுன்சிலராக இருந்து மறுபடி நிற்பவர் என்றால் இன்னும் சுலபம். வார்டுக் குழு எத்தனை தடவை கூடியது, சாலை பற்றி என்ன தீர்மானம் போட்டது என்று கேளுங்கள். வார்டுக் குழு என்பது கவுன்சிலர் தலைமையில் வார்டு மக்களிலிருந்து 10 பேர் வரை உட்காருகிற குழு. குழுவே கூடவில்லை என்றால் புது வாக்குறுதியை நான் நம்ப மாட்டேன்.

பதில்களை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள், தேதியோடு. முடிந்தால் அன்று ராத்திரியே வேட்பாளருக்கு வாட்ஸ்அப்பில், ‘ஐயா, இன்றைக்கு நீங்கள் சொன்னது இதுதானே’ என்று மரியாதையாக அனுப்பி வையுங்கள். அவர் ‘ஆமாம்’ என்று அனுப்பினால் அது உங்கள் கையில் இருக்கிற ஒரு பத்திரம்.

பணம் எங்கே இருக்கிறது

மாநகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடியும். வரைவு பட்ஜெட்டை மார்ச் முடிவுக்குள் கவுன்சிலில் வைக்க வேண்டும், மே முடிவுக்குள் ஒப்புதலுக்கு எடுக்க வேண்டும். நடுவில் உள்ள ஏப்ரலும் மேயும்தான் நாம் வாயைத் திறக்க வேண்டிய மாதங்கள். ஐந்தாண்டு வளர்ச்சித் திட்டத்தையும் (இங்கே ஐடிபி என்பார்கள்) அப்போதுதான் திருத்துவார்கள். உங்கள் நடைபாதை அந்த ஐடிபியிலும் பட்ஜெட்டிலும் ஒரு வரியாக ஏறாவிட்டால், எந்த வேட்பாளர் எத்தனை மேடையில் சொன்னாலும் அதற்குப் பணம் கிடையாது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இந்த மாகாணத்தில் 400 பேருக்கு மேல் இறந்து, சாலைகளும் பாலங்களும் அடித்துப் போன பிறகு பழுது பார்க்கிற வேலையே மலையாகக் குவிந்தது. கேட்காத தெருவுக்குத் தானாக எதுவும் வராது என்பதை அப்போது நன்றாகப் புரிந்துகொண்டேன்.

இரண்டு சீட்டு

டர்பன் போன்ற பெருநகரத்தில் உங்கள் கையில் இரண்டு வாக்குச் சீட்டு தருவார்கள். ஒன்று வார்டு வேட்பாளருக்கு, அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயிப்பார், சுயேச்சையும் நிற்கலாம். இன்னொன்று கட்சிக்கு, விகிதாசாரக் கணக்கில் இடங்கள் பிரியும். 2021-இல் ஈதெக்வினியில் 111 வார்டுகள், மொத்தம் 222 கவுன்சிலர்கள், எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. அதனால் உங்களுக்குப் பிடித்த வார்டு வேட்பாளர் தனியாக எதையும் நிறைவேற்றிவிட முடியாது, 112 கைகள் உயர வேண்டியிருந்தது. யாரோடு சேர்ந்து வேலை செய்வீர்கள் என்று சுயேச்சையிடம் கட்டாயம் கேளுங்கள், கட்சிக்காரரிடம் உங்கள் கட்சி போக்குவரத்துக்கு என்ன எழுதியிருக்கிறது, அதில் எங்கள் வார்டு எங்கே என்று கேளுங்கள்.

ஓட்டு நாளில் அடையாளப் புத்தகமோ ஸ்மார்ட் கார்டோ தற்காலிக அடையாளச் சான்றிதழோ எடுத்துப் போக வேண்டும், பாஸ்போர்ட்டும் ஓட்டுநர் உரிமமும் செல்லாது. நடக்க முடியாத பெரியவர்களுக்கு முன்கூட்டியே விண்ணப்பித்தால் சிறப்பு ஓட்டு உண்டு, தேதியை மட்டும் தவறவிடாதீர்கள். தாத்தாவுக்குப் போன தடவை நான்தான் அதைப் பதிவு செய்தேன்.

முடிவு வந்த பிறகு

வெற்றி அறிவித்த 14 நாளுக்குள் புதுக் கவுன்சில் முதல் கூட்டம் கூட வேண்டும். அந்த இரண்டு வாரத்திலேயே உங்கள் நோட்டை ஒரு பக்கக் கடிதமாக்குங்கள்: இடம், சாலை யார் பொறுப்பு, அளந்த வேகம், கடக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை, நீங்கள் கேட்கிற ஒரே ஒரு வேலை. ஒரே ஒரு வேலைதான். பத்து கேட்டால் எதற்கும் பதில் வராது. பத்து இருபது வீட்டுக் கையெழுத்தோடு கவுன்சிலருக்கு ஒரு பிரதி, போக்குவரத்து ஆணையத்துக்கு ஒரு பிரதி, குறிப்பு எண் கேட்டு வாங்குங்கள். பதில் வராவிட்டால் 2000-ஆம் ஆண்டின் தகவல் பெறும் சட்டத்தின்கீழ் அந்தச் சாலையின் போக்குவரத்து ஆய்வைக் கேட்டு விண்ணப்பம் போடலாம், 30 நாளில் பதில் சொல்ல வேண்டும், இதற்குக் குடியுரிமை தேவையில்லை.

எங்கள் தெருக் கடிதத்தில் இந்தத் தடவை வலது பக்கத்து நடைபாதையைத்தான் கேட்கப் போகிறோம், பள்ளிக்கூட கேட்டிலிருந்து பஸ் நிறுத்தம்வரை. நான் நடந்தே அளந்தேன், 180 மீட்டர்.